தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து எங்கே? ஓடிடி தளங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓடிடி தளங்களை நடத்துவோருக்கும், அவற்றுக்குப் படங்களும் தொடர்களும் தரும் தயாரிப்பாளர்களுக்கும்,

உங்களில் ஒரு தளம் அண்மையில் தமிழ்த் துப்பறியும் தொடர் ஒன்றின் இரண்டாம் சீசனை வெளியிட்டது. முதல் சீசனில் தமிழ்ப் பேச்சுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் இருந்தது. இரண்டாம் சீசனில் அது இல்லை. ஆங்கிலம் இருக்கிறது, வேறு சில மொழிகளும் இருக்கின்றன, கதாபாத்திரங்கள் வாய்திறந்து பேசும் மொழிக்கு மட்டும் எழுத்து இல்லை. ஏன் என்று எழுதிக் கேட்டேன். இந்தத் தொடருக்கு ஆங்கில சப்டைட்டில் கிடைக்கிறது, தமிழில் தரும் திட்டம் இப்போதைக்கு இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில்.

அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. ஒரு தளத்தின் ஒரு தொடரோடு நின்றுவிடும் குறையாக இருந்திருந்தால் அவர்களுக்கே மறுபடி எழுதியிருப்பேன். அப்படி இல்லை என்பதால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். வாரந்தோறும் புதிய வெளியீடுகளை அறிவிக்கிறீர்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளில் காணலாம் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அந்த மொழிகள் எல்லாமே காதுக்கானவை. மொழியைக் கண்ணால் மட்டுமே பெறுகிறவருக்கு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்பதை எந்த அறிவிப்பிலும் நீங்கள் சொல்வதில்லை.

என் அக்காவுக்குச் சிறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தார், காது போய்விட்டது. காதுகேளாதோர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தார். அப்படிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. காதில் விழாத ஒரு மொழியை எழுத்திலிருந்து மட்டுமே கற்றுத் தேறுவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை அறிந்து கொடுத்த விலக்கு அது. ஆகவே எழுத்து என்றால் அக்காவுக்குத் தமிழ்தான். செய்தித்தாளை எடுத்தால் தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் அச்சக முகவரி வரை விடமாட்டார். படிப்பதில் என்னைவிட வேகம். அவருக்கு உங்கள் தமிழ்த் தொடரைப் பார்க்க ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்கள்.

உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்களே, பிறகு எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டார். கண்ணாடி முன் நின்று ‘பாலை’, ‘மாலை’ என்று ஒலி எழுப்பாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான். ககரமும் ஙகரமும் தொண்டையருகே பிறப்பவை, வெளியே எதுவும் தெரிவதில்லை. நேருக்கு நேர் உட்கார்ந்து, நல்ல வெளிச்சத்தில், நிதானமாகப் பேசினாலே உதட்டிலிருந்து கிடைப்பது ஒரு பகுதிதான். மீதியை இடம், முகம், முன்பின் பேச்சு ஆகியவற்றை வைத்து ஊகித்து நிரப்பிக்கொள்கிறார்கள். திரையில் அந்த வசதியும் இல்லை. பேசுகிறவர் முதுகைக் காட்டுவார், இருட்டில் நிற்பார், கார் ஓட்டிக்கொண்டே பேசுவார். கேமரா பெரும்பாலும் பேசுகிறவர் முகத்தைவிடக் கேட்கிறவர் முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. திரைக்கலைக்கு அது அழகு. உதட்டை நம்பியிருப்பவருக்கு அந்த இடத்தில் வசனமே இல்லை.

அந்த இரண்டாம் சீசனின் முதல் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. ஒரு பெண் சமையலறையில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள். தொலைபேசி ஒலிக்கிறது. ஈரக் கையோடு எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் இடையில் செருகிக்கொள்கிறாள். மறுமுனையில் ஓர் ஆண் குரல் பேசுகிறது. அவள் கை நிற்கிறது, குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கதையின் முடிச்சு அந்தக் குரலில்தான் விழுகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அக்கா திரையைப் பார்த்தார், அடியில் ஓடிய ஆங்கில வரியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். அவர் பக்கம் திரும்பி, அந்தக் குரல் சொன்னதை உதட்டால் சொன்னேன். புரியவில்லை. ஒரு பெயரில் குழப்பம். கைப்பேசியில் தட்டெழுதிக் காட்டினேன். அதற்குள் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விட்டது. மறுபடி ஓடவிட்டால் அடுத்த நிமிடத்திலேயே இன்னொரு முதுகு, இன்னொரு குரல். சற்று நேரத்தில் அக்கா, “நீங்கள் பாருங்கள், கதையை நாளைக்கு என்னிடம் சொல்” என்று எழுந்து போய்விட்டார்.

முதல் சீசனை அவர் எங்களோடு உட்கார்ந்து, எங்களுக்கு முன்பே கொலைகாரனை ஊகித்து, கடைசிப் பகுதி வரை பார்த்தவர். அதைத்தான் நீங்கள் பறித்திருக்கிறீர்கள். கதைச் சுருக்கத்தை மறுநாள் கேட்டுத் தெரிந்துகொள்வதும் படம் பார்ப்பதும் ஒன்றல்ல. வீட்டுக்குள்ளேயே ஒருவரை விருந்தாளியாக ஆக்கிவிடும் ஏற்பாடு இது. சந்தா அவருக்கும் சேர்த்துத்தான் கட்டப்படுகிறது.

பாடல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் சப்டைட்டில் இருக்கும் படங்களில்கூட நீங்கள் தவறுவது அங்கேதான். வசனத்துக்கு வரி ஓடிக்கொண்டே வரும். பாட்டுத் தொடங்கியதும் எழுத்து மறைந்துவிடும். சில படங்களில் ‘பாடல் ஒலிக்கிறது’ என்று ஒரு வரி வரும், அத்தோடு சரி. நம் படங்களில் பாட்டு எங்கே வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காதல் சொல்லப்படுவது பாட்டில். தாய் இறந்தபின் மகன் அழுவது பாட்டில். பத்தாண்டுக் கதை ஒரு சரணத்தில் நகர்ந்துவிடும். காது கேட்காதவருக்கு அந்த ஐந்து நிமிடமும் யாரோ வாயசைப்பதும் ஆடுவதும் நடப்பதுமாக ஓடுகிறது. பாட்டு முடிந்து வெளியே வரும்போது கதாபாத்திரங்கள் இடம் மாறியிருக்கிறார்கள், மனம் மாறியிருக்கிறார்கள், ஏன் என்று அவருக்குத் தெரியாது.

பாடல் வரிகளுக்கு உரிமை இசை நிறுவனத்திடம் இருக்கிறது, அதனால் போட முடியவில்லை என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அதே இசை நிறுவனங்கள் படம் வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒவ்வொரு பாட்டுக்கும் ‘லிரிக்கல் வீடியோ’ வெளியிடுகின்றன. ஒவ்வொரு சொல்லும், குரலோடு ஒத்து, வண்ண எழுத்தில், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி திரையில் வருகிறது. விளம்பரத்துக்காக ஊரறியக் காட்டிய வரியைப் படத்துக்குள் மட்டும் காட்டக்கூடாது என்றால் அதற்கு நியாயம் என்ன? படத்துக்கான இசை ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் சேர்த்தால் தீர்ந்துபோகும் சிக்கல் இது. தயாரிப்பாளர்களே, அந்த வாக்கியத்தைச் சேர்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய ஆய்வு முயற்சி, பாட்டு எந்த மொழியோ அதே மொழியில் வரிகளைத் திரையில் போடுவதைப் பற்றியது. 1999இல் தொலைக்காட்சியில் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சிக்கு அப்படி எழுத்து ஓடியது. 2002இல் தேசிய ஒளிபரப்பில் இந்திப் பாடல்களுக்கும் வந்தது. அவர்களின் முதன்மை நோக்கம் அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் வாசிப்பை மேம்படுத்துவது. தெரிந்த பாட்டின் வரியைக் கண் தானாகவே பின்தொடரும் என்பதுதான் அதன் அடிப்படை. அன்றைய தொலைக்காட்சியின் கருவிகளை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது. இன்றைக்கு உங்கள் கையில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால், செய்யாமல் இருப்பதற்குக் காரணம் தேடுவதுதான் கடினம்.

தமிழுக்கு மொழிமாற்றம் செய்த வெளிநாட்டுத் தொடர்களில் வேறொரு தொல்லை. தமிழ் ஒலியும் இருக்கும், தமிழ் சப்டைட்டிலும் இருக்கும், இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒலிக்கான வசனத்தை ஒருவர் எழுதுகிறார், உதட்டசைவுக்கு ஏற்ப வெட்டிச் சுருக்குகிறார். சப்டைட்டிலை மூல மொழியிலிருந்து வேறொருவர் தனியாக மொழிபெயர்க்கிறார். முழுக்கக் கேட்காதவருக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. ஓரளவு கேட்பவருக்கு, செவிக்கருவி போட்டிருப்பவருக்கு இது பெரும் துன்பம். பாதி கேட்டதை உறுதிசெய்துகொள்ளக் கண்ணைத் தாழ்த்துகிறார், அங்கே வேறு வாக்கியம் இருக்கிறது. தான் கேட்டது தவறோ என்று ஐயம் வந்துவிடுகிறது. காலப்போக்கில் கேட்கும் திறன் மங்கிவரும் என் தாயார் இதனாலேயே மொழிமாற்றுத் தொடர்களை விட்டுவிட்டார்.

தாயாரைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. தமிழ் சப்டைட்டில் ஒரு சிறு கூட்டத்துக்கான சலுகை என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது உங்கள் பதில்களிலிருந்து தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைபாடு இருக்கிறது. சிகிச்சையோ பயிற்சியோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் குறைபாடு உள்ளவர்கள் உலகெங்கும் 43 கோடிக்கு மேல். 2050இல் அந்த எண்ணிக்கை 70 கோடியைத் தாண்டும் என்று அந்நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கை சொல்கிறது. நம்மிடையே இருக்கும் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிறவியிலேயே கேளாதவர்கள் அல்லர். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் படம் கேட்டுப் பார்த்து வளர்ந்து, அறுபதுக்கு மேல் வசனம் பிடிபடாமல் போனவர்கள். திரையரங்கின் பல திசை ஒலிக்காகச் செய்த கலவையை வீட்டுத் தொலைக்காட்சியின் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளில் கேட்கும்போது, பின்னணி இசை எழும்பி வசனம் அமுங்கிப் போவதை நல்ல காது உள்ளவர்களே அறிவார்கள். ஒலியைக் கூட்டினால் அடுத்த சண்டைக் காட்சி வீட்டையே அதிரவைக்கிறது.

தமிழ் சப்டைட்டிலை யாரும் பயன்படுத்துவதில்லை, தரவு அப்படித்தான் காட்டுகிறது என்றும் ஒருமுறை எனக்கு விளக்கம் சொல்லப்பட்டது. பெரும்பாலான தமிழ்ப் படங்களில் அந்தத் தெரிவே இல்லாதபோது அதை எத்தனை பேர் தெரிவு செய்தார்கள் என்று எப்படி எண்ணினீர்கள்? இருக்கும் சில படங்களிலும் அது இருப்பதை எங்கே சொல்லியிருக்கிறீர்கள்? படத்தைத் திறந்து, ஓடவிட்டு, ஓடும் திரையில் ஒரு சிறு குறியை அழுத்தினால்தான் எந்தெந்த மொழியில் எழுத்து இருக்கிறது என்று தெரியவருகிறது உங்களில் பலருடைய செயலியில். தமிழ் சப்டைட்டில் உள்ள தமிழ்ப் படங்களை மட்டும் காட்டு என்று கேட்க வழி இல்லை. அக்கா ஒரு படத்தைப் பார்க்க விரும்பினால் முதலில் நான் அதைத் திறந்து சோதித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்படித் தேடிச் சலித்து விட்டுவிட்டவர்கள் உங்கள் தரவில் தென்படமாட்டார்கள்.

செலவைப் பற்றிப் பேசுவோம். தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எப்படி உருவாகிறது? ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்று நேரம் குறிக்கப்படுகிறது. அங்கே என்ன பேசப்படுகிறது என்பதைத் தமிழில் கேட்டு உறுதிசெய்கிறார்கள், அல்லது வசனப் பிரதியை வைத்துக்கொள்கிறார்கள். அதன்பிறகே மொழிபெயர்ப்பு. அதாவது நேரக் குறிப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது, தமிழ் வசனமும் கையில் இருக்கிறது. டப்பிங் அறையில் நடிகர்கள் பார்த்துப் பேசியதும் அந்த வசனத்தைத்தான். தணிக்கைக்குப் போகும்போது பாடல் வரிகளை எழுத்தில் தருவதும் நெடுநாள் நடைமுறை. ஆங்கிலத்துக்குச் செய்த வேலையின் முதல் பாதியே தமிழுக்கான வேலையில் பெரும்பகுதி. முடிந்த கோப்பு ஒரு கைப்பேசிப் புகைப்படத்தைவிடச் சிறியது. பல கோடி செலவழித்து எடுத்து, விளம்பரத்துக்குத் தனியே கோடிகள் ஒதுக்கும் ஒரு படத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

நேரம் போதவில்லை என்பதும் பொருந்தாது. திரையரங்கில் வெளியான தமிழ்ப் படம் வீட்டுத் திரைக்கு வருவதற்குப் பெரும்பாலும் நான்கு வாரமாவது ஆகிறது. அந்த இடைவெளியில் ஆங்கிலத்தைத் தயாரிக்க முடிகிறதென்றால் தமிழையும் தயாரிக்கலாம். நேரடியாக உங்கள் தளத்திலேயே வெளியாகும் தொடர்களுக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. சில படங்களுக்குத் தமிழ் எழுத்து வருகிறது, ஆனால் வெளியாகிச் சில வாரங்கள் கழித்து, எந்த அறிவிப்பும் இல்லாமல் வருகிறது. அதற்குள் ஊரே பார்த்து, பேசி, முடிவை எல்லா இடத்திலும் எழுதிவிட்டது. புதிய படத்தை முதல் வாரத்தில் பார்க்கும் ஆவல் காது கேட்பவருக்கு மட்டும் உரியதா?

செலவைக் குறைக்கத் தானியங்கி முறையில் எழுத்தை உருவாக்கிப் போடத் தொடங்கியிருப்பவர்களுக்கும் ஒரு சொல். தமிழில் அதை மனிதர் திருத்தாமல் வெளியிடாதீர்கள். நம் படங்களில் பேசப்படுவது நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், சென்னைத் தமிழ், ஈழத் தமிழ். இயந்திரம் பெயர்களைச் சிதைக்கிறது, இரண்டு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது, வட்டாரச் சொல் வந்தால் ஒலி ஒத்த வேறொரு சொல்லைப் போட்டுவிடுகிறது. கேட்கும் நமக்கு அது பிழை என்று தெரியும். படிப்பதை மட்டுமே நம்பியிருப்பவருக்கு அதுதான் வசனம். இதற்கு மாறான இன்னொரு பிழையும் நடக்கிறது. பேச்சுத் தமிழில் சொன்னதைத் திருத்தமான நூல் தமிழாக மாற்றி எழுதிவிடுகிறார்கள். உதடு ஒன்று சொல்ல எழுத்து வேறொன்று சொல்கிறது, கதாபாத்திரத்தின் ஊரும் வயதும் படிப்பும் அழிந்துபோகின்றன. பேசியதைப் பேசியபடி எழுதுங்கள்.

ஒலிகளையும் எழுத வேண்டும். கதவு தட்டப்படுகிறது, பின்னால் நாய் குரைக்கிறது, வெளியே துப்பாக்கி வெடிக்கிறது, பேசுவது வானொலி, இது இறந்தவரின் குரல் என்பவை எல்லாம் காது கேட்பவருக்குத் தானாகக் கிடைக்கின்றன. திரையில் முகம் தெரியாதபோது பேசுவது யார் என்று பெயர் போட வேண்டும். ஆங்கிலத் தொடர்களுக்கு இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்கிறீர்கள், எப்படிச் செய்வது என்று விதிநூலே வைத்திருக்கிறீர்கள். தமிழுக்கு வரும்போது வசனத்தைக்கூடப் போடாமல் விடுகிறீர்கள்.

பழைய தொலைக்காட்சிகளில் உங்கள் செயலியைத் திறந்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டுத் தனியே பிரிந்து நிற்கின்றன, சில எழுத்துகள் வெறும் கட்டமாகத் தெரிகின்றன. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. சோதித்துப் பார்த்து வெளியிடுவது மட்டுமே பாக்கி.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவது என் நோக்கம் அல்ல. ஆனால் இது தயவு கேட்கும் மடலும் அல்ல என்பதால் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தன் 42ஆம் பிரிவில், ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் உள்ள அனைத்தும் மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. பார்வையற்றவர்களுக்குக் காட்சியைச் சொல்லும் ஒலி விவரணை, சைகை மொழி, திரை எழுத்து மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்களைப் போன்ற தளங்களுக்காக 2021இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் நெறிமுறையும், இயன்றவரை அணுகல் வசதிகளை மேம்படுத்த நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. திரையரங்குகளுக்கு 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் சான்று பெறும் படங்களுக்கு முதலிலும் மற்றவற்றுக்குப் பிறகும் திரை எழுத்தும் ஒலி விவரணையும் வேண்டும் என்று காலக்கெடு வைத்தது. முதல் சீசனில் தமிழில் எழுத்துப் போட முடிந்தவர்களுக்கு இரண்டாம் சீசனில் இயலவில்லை என்றால், ‘இயன்றவரை’ என்ற சொல்லுக்குள் அது அடங்காது.

உங்களில் பெரியவர்கள் பல நாடுகளில் தொழில் செய்கிறீர்கள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் விரும்பியவர் மட்டும் திறந்துகொள்ளும் திரை எழுத்து 1980 மார்ச்சிலேயே தொடங்கியது. இணையத்துக்கு அது தானாக வந்துவிடவில்லை. அந்நாட்டின் தேசியக் காதுகேளாதோர் சங்கம் நெட்ஃபிளிக்ஸ் மீது வழக்குத் தொடுத்தது. இணையத்தில் மட்டும் நடக்கும் தொழிலுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2012இல் நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, 2014க்குள் முழுவதற்கும் எழுத்துத் தர அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரிட்டனின் 2024ஆம் ஆண்டு ஊடகச் சட்டம் பெரிய தளங்கள் தம் படைப்புகளில் 80 விழுக்காட்டுக்கு சப்டைட்டில் தர வேண்டும் என்ற இலக்கை வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாட்டில் ஆங்கிலப் படத்தை ஆங்கில எழுத்து இல்லாமல் வெளியிட நீங்கள் துணிவதில்லை. தமிழ்ப் படத்தைத் தமிழ் எழுத்து இல்லாமல் வெளியிட எந்தத் தயக்கமும் இல்லை. அங்கே அந்த மக்கள் போராடிப் பெற்றதை இங்கே நாங்களும் வழக்குப் போட்டுத்தான் பெற வேண்டுமா?

இன்னும் ஒன்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும், ஆனால் அடிபடுவது நாங்கள். ஒரு படத்தின் உரிமை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு மாறும்போது தமிழ் எழுத்து காணாமல் போய்விடுகிறது. அக்காவுக்கு மிகப் பிடித்த ஒரு படத்துக்கு அப்படித்தான் ஆனது. எழுத்தோடு பார்த்த படம் சில மாதங்களில் வேறு தளத்துக்குப் போனது, அங்கே ஆங்கிலம் மட்டும். சப்டைட்டில் கோப்பு யாருடைய சொத்து என்று நீங்கள் பேசி முடிக்காததால், ஒருமுறை உழைத்து எழுதிய எழுத்து வீணாகிக் கிடக்கிறது. இதனால்தான் தளங்களுக்கு மட்டும் எழுதாமல் தயாரிப்பாளர்களையும் சேர்த்து அழைத்தேன். படத்தோடு பிறந்த எழுத்து படத்தோடேயே போக வேண்டும்.

ஆகவே நான் கேட்பவை இவை. இரண்டாம் சீசனிலிருந்து தமிழ் சப்டைட்டிலை நீக்கிய தளம் அதை ஒரு மாதத்துக்குள் திரும்பத் தர வேண்டும்.

இனிமேல் வெளியாகும் ஒவ்வொரு தமிழ்ப் படமும் தொடரும், வெளியாகும் நாளன்றே, காதுகேளாதோருக்கான தமிழ் சப்டைட்டிலோடு வர வேண்டும். அதில் பாடல் வரிகள் முழுமையாக இருக்க வேண்டும், ஒலிகளும் பேசுகிறவர் பெயரும் இருக்க வேண்டும். மொழிமாற்றுத் தொடர்களில் தமிழ் ஒலிக்கு ஒத்த தமிழ் எழுத்தைத் தனியாகத் தர வேண்டும். தானியங்கி எழுத்து எதையும் தமிழ் அறிந்த ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே வெளியிட வேண்டும், எழுதியவர் பெயரைப் படத்தின் முடிவில் போட வேண்டும். காதுகேளாத தமிழ் வாசகர்களைக் கூலி கொடுத்து அமர்த்தி, வெளியீட்டுக்கு முன் அவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

அறிவிப்பிலும் படத்தின் முகப்புப் பக்கத்திலும் எந்தெந்த மொழியில் எழுத்து இருக்கிறது என்பதை ஒலி மொழிகளுக்கு அருகிலேயே குறிப்பிடுங்கள். அதைக் கொண்டு தேடவும் வழி செய்யுங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தமிழ்ப் படங்களுக்கு, ஆண்டுக்கு எவ்வளவு என்று ஒரு கால அட்டவணை வைத்து அதைப் பொதுவில் வெளியிடுங்கள்.

தயாரிப்பாளர்கள் தங்கள் விற்பனை ஒப்பந்தத்திலும் இசை ஒப்பந்தத்திலும் தமிழ் சப்டைட்டிலுக்கும் பாடல் வரிகளுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். அந்தக் கோப்பு படத்தின் மூலப் பிரதியோடு தங்களிடமே இருக்கும்படியும், உரிமை எங்கே மாறினாலும் கூடவே போகும்படியும் எழுதிக்கொள்ள வேண்டும்.

குறை சொல்ல ஒரு முகவரி வேண்டும். தொலைபேசி எண் அல்ல, அக்கா தொலைபேசியில் பேச முடியாது. தமிழில் எழுதினால் தமிழில், பதினைந்து நாளுக்குள், பொறுப்பாளர் பெயரோடு பதில் வர வேண்டும். இந்த மடலுக்கும் அதே முறையில், எந்தக் கோரிக்கையை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள், ஏன் செய்யமாட்டீர்கள் என்று ஒவ்வொரு தளமும் எல்லோரும் படிக்கும்படி எழுத்தில் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்